பிரஷர் உள்ளவர்கள் பல் பிடுங்கிய பிறகு: தாடை எலும்பு ஆறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய பல் மருத்துவமனையில் நான் பணிபுரிகிறேன். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர்கள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்கள், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் என்று வருகிறவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. பல் பிடுங்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவர்கள் நிறையக் கேட்கிறார்கள்; அதற்குப் பின் ஆறு மாதம் தாடைக்குள் நடக்கும் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு பிரஷர் இருக்கு டாக்டர். பல்லு புடுங்கலாமா, கூடாதா?

பிடுங்கலாம். ரத்தக் கொதிப்பு இருப்பதே தடையாகாது. அது கட்டுக்குள் இருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, 130, 140 என்ற அளவில் ரத்த அழுத்தம் இருப்பவருக்குப் பல் பிடுங்குவதிலும் புண் ஆறுவதிலும் மற்றவர்களைவிடப் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

ஆனால் பிரஷர் இருப்பதைச் சொல்லாமல் மறைப்பது ஆபத்து. ‘சொன்னால் பிடுங்க மாட்டார்கள்’ என்று பயந்து மறைத்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பிரஷர் எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்னது’ என்று சொன்னால் அது எந்த மருந்து என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எவ்ளோ இருந்தா புடுங்குவீங்க? அன்னிக்கு 190னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்களே?

நம் நாட்டில் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் அதை உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ எட்டிவிட்டால், அவசரமில்லாத பல் பிடுங்கலைத் தள்ளிவைத்து, முதலில் பொது மருத்துவரிடம் அனுப்புவதே பெரும்பாலான பல் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். உங்களைத் திருப்பி அனுப்பியவர் உங்கள் மூளைக்கும் இதயத்துக்கும் நல்லதைத்தான் செய்திருக்கிறார்.

அளக்கும் முறையும் முக்கியம். படியேறி வந்த வேகத்திலோ, வாசலில் டீயும் பீடியும் முடித்துவிட்டு வந்தோ அளந்தால் அளவு கூடுதலாகவே காட்டும். டீ, பீடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழியட்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பின் இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். பல் நாற்காலியைப் பார்த்த பயத்தில் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு; வீட்டில் அளந்து குறித்த எண்கள் இருந்தால் அதை எளிதில் பிரித்தறியலாம்.

கன்னம் வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலோடு வருகிறவரின் நிலை வேறு. அவரை ‘பிரஷர் குறைந்ததும் வா’ என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. சீழை வெளியேற்றுவது, மருந்து கொடுப்பது, தேவையானால் இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி பல்லை எடுப்பது எல்லாம் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களிலோ, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ செய்யப்பட வேண்டியவை.

புடுங்கற அன்னிக்கு காலையில மாத்திர போடணுமா? வெறும் வயித்துலதானே வரணும்?

மாத்திரையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்குத்தான் வெறும் வயிறு தேவை. மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் எடுப்பதற்கு அது தேவையில்லை. ‘ஆபரேஷன்’ என்ற சொல்லைக் கேட்டதும் உணவையும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருவது இந்தப் பகுதியில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் அன்று காலை மாத்திரையை விட்டவர்கள்தான்.

வேலை முடிந்ததும் நாற்காலியிலிருந்து சட்டென்று எழாதீர்கள். சில பிரஷர் மாத்திரைகள் படுத்திருந்து எழும்போது ரத்த அழுத்தத்தைச் சற்றுக் கீழே இறக்கிவிடும். ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலை சுற்றாது.

மரத்துப்போற ஊசி போட்டா நெஞ்சு படபடன்னு அடிக்குது. பிரஷர்காரங்களுக்கு அது ஆகாதாமே?

அந்த ஊசியில் லிக்னோகெய்னோடு மிகச் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். அது அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மரப்பை நீடிக்கச் செய்து, ரத்தக் கசிவைக் குறைக்கிறது. 80,000இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த மருந்தில் 2 மில்லி போட்டால் உடலுக்குள் போவது 0.025 மில்லிகிராம். இதய நோய் உள்ளவர்களுக்கே ஒரு தடவைக்கு 0.04 மில்லிகிராம் வரை என்பது நாங்கள் பின்பற்றும் வரம்பு.

சரியாக மரத்துப்போகாமல் பல்லை அசைத்தால், வலியிலும் பயத்திலும் உங்கள் உடலே அதைவிட அதிக அட்ரினலினைச் சுரந்துவிடும். ஆகவே அளவோடு, ஊசி முனை ரத்தக் குழாய்க்குள் இல்லை என்று பின்னால் இழுத்துப் பார்த்து, மெதுவாகப் போடுவதுதான் பிரஷர் உள்ளவருக்குப் பாதுகாப்பு. புரோப்ரனலால் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தோடு அட்ரினலின் சேரும்போது ரத்த அழுத்தம் திடீரென ஏற வாய்ப்பு உண்டு.

பிரஷர் இருந்தா ரத்தம் நிக்காதாமே? ராத்திரில வந்தா இன்னா பண்றது?

அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் கசிவு நீளலாம் என்பது உண்மை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று: பல் குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் பின்னால் வளரப்போகும் எலும்புக்கு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வேலை தொடங்கும் இடமே பறிபோகிறது. அதனால்தான் பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருக்கவும், அன்று முழுவதும் காறித் துப்பாமலும் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாமலும் இருக்கவும் சொல்கிறோம்.

இரவில் கசிந்தால் சுத்தமான துணியையோ காஸையோ நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் தடிப்பாக மடித்து வைத்து, உட்கார்ந்த நிலையில் இருபது, முப்பது நிமிடம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எச்சிலில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே வாய் முழுக்க ரத்தம் போலத் தெரியும். அதைக் கண்டு பயந்தால் பிரஷர் இன்னும் ஏறும். இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். இரவு போட வேண்டிய பிரஷர் மாத்திரை இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

ரத்தம் உறையாம இருக்கறதுக்கும் மாத்திர சாப்பிடறேன். நாலு நாள் நிறுத்திட்டு வரட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றைத் தொடர்ந்துகொண்டே ஒன்றிரண்டு பற்களை எடுக்க முடியும். தையல், குழிக்குள் வைக்கும் ஜெலட்டின் பஞ்சு, அழுத்தம் ஆகியவற்றால் கசிவை நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தி, அதனால் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அதற்குத் தையல் போட முடியாது. வார்ஃபரின் வகை மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஓரிரு நாள் முன்பு செய்து எடுத்துவர வேண்டும். எதையாவது நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அதை இதய மருத்துவர் எழுதித் தரட்டும்.

பல்லு போன குழியில எலும்பு வளருமா? எத்தினி நாள் ஆகும்?

வளரும். உறைந்த ரத்தக்கட்டிக்குள் முதல் வாரத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புகுந்து, அது சிவந்த, மென்மையான சதையாக மாறுகிறது. இரண்டாம் வாரத்தில் குழியின் அடியிலிருந்தும் பக்கச் சுவர்களிலிருந்தும் புதிய எலும்பு இழைகள் கிளம்புகின்றன; அவை அவசரத்தில் பின்னிய வலைபோல ஒழுங்கற்று இருக்கும். ஏறக்குறைய மூன்று, நான்கு வாரத்தில் மேலே ஈறு மூடிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் குழியின் பெரும்பகுதி இந்த இளம் எலும்பால் நிரம்பிவிடும். அந்த ஒழுங்கற்ற எலும்பு அரிக்கப்பட்டு, அதே இடத்தில் அடுக்கடுக்கான உறுதியான எலும்பு அமைவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது.

ஈறு மூடியதும் ‘ஆறிவிட்டது’ என்று எல்லோரும் நினைப்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். வெளியே மூடியபோது உள்ளே பாதி வேலைகூட முடிந்திருக்காது. இன்னொன்று: உள்ளே குழி நிரம்பும் அதே நேரத்தில் வெளியே தாடை மேடு ஒடுங்குகிறது. ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில் மேட்டின் அகலம் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. கன்னத்துப் பக்கச் சுவர் மெல்லியது என்பதால் அந்தப் பக்கம்தான் அதிகமாக உள்வாங்கும். கட்டுப்பல் பின்னால் எவ்வளவு உறுதியாக உட்காரும் என்பது இந்த மூன்று மாதத்தில் பெருமளவு முடிவாகிவிடுகிறது.

பிரஷருக்கும் எலும்புக்கும் இன்னா சம்பந்தம்? பிரஷர் ரத்தத்துல, எலும்பு தாடையில!

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அண்ணன் இதே சொற்களில் கேட்டார். மிகச் சரியான கேள்வி. எலும்பு கட்டும் செல்களுக்குத் தேவையான ஆக்சிஜனும் சுண்ணாம்புச் சத்தும் ரத்தத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத ரத்த அழுத்தம் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்து, உள்வழியைக் குறுக்கிவிடுகிறது. தாடை எலும்பும் இதற்கு விலக்கு இல்லை. அதிலும் கீழ்த்தாடை இறுகிய எலும்பு, இயல்பிலேயே மேல்தாடையைவிட ரத்த ஓட்டம் குறைந்தது.

இரண்டாவது காரணம் ஹார்மோன் வழியானது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் குழாய்களைச் சுருக்குவதோடு நிற்காமல், எலும்பை அரிக்கும் செல்களை மறைமுகமாகத் தூண்டியும் விடுகிறது. பிறவியிலேயே ரத்தக் கொதிப்புள்ள ஆய்வக எலிகளில் பல் எடுத்த குழி மெதுவாக நிரம்புவதையும், எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூன்றாவதாக, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடமும் உப்பு அதிகம் சாப்பிடுகிறவர்களிடமும் சிறுநீர் வழியாகக் கால்சியம் கூடுதலாக வெளியேறுகிறது.

இவற்றைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக அளவையும் சொல்கிறேன். பல் எடுத்த இடம் ஆறாமல் தாமதிப்பதற்குப் புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தத்தைவிடப் பெரிய காரணங்கள். என்றாலும் நம் பகுதியில் இவை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். சேரும்போது ஒன்றின் சேதத்தை இன்னொன்று பெருக்குகிறது.

அப்போ தினமும் சாப்பிடற பிரஷர் மாத்திரையே எலும்ப அரிச்சிடாதா?

அரிக்காது. லோசார்டன், டெல்மிசார்டன், எனலாபிரில் போன்றவை முந்தைய பதிலில் சொன்ன ஆஞ்சியோடென்சினைத்தான் தடுக்கின்றன. கனடாவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், தாடை எலும்பில் பதித்த இம்ப்ளான்ட்கள் (செயற்கைப் பல் வேர்கள்) பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 0.6 சதவீதமும், சாப்பிடாதவர்களிடம் 4.1 சதவீதமும் தோல்வியடைந்தன. ஒரே ஆய்வை வைத்து ‘மாத்திரை எலும்பை வளர்க்கும்’ என்று நான் சொல்ல மாட்டேன். எலும்புக்குக் கெடுதல் என்று சொல்லி அதை நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளர்வது உண்டு. அது எலும்புக் கோளாறு அன்று. பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் பெருமளவு குறையும். தேவைப்பட்டால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்.

புடுங்கி மூணாம் நாள் வலி காது வரைக்கும் குத்துது, வாய் நாறுது. எலும்பு அழுகிடுச்சா?

அழுகவில்லை. நான் மேலே சொன்ன ரத்தக்கட்டி பெயர்ந்து, குழியின் எலும்பு வெறுமையாகிவிட்டது; இதைக் காய்ந்த குழி என்கிறோம். கீழ்த்தாடைக் கடைவாயில் அதிகம் வரும். உடனே வாருங்கள், குழியைக் கழுவி மருந்து வைத்தால் ஓரிரு நாளில் வலி அடங்கத் தொடங்கும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் புகையிலை. பீடி இழுக்கும்போது ஏற்படும் உறிஞ்சலும், நிகோடின் குழாய்களைச் சுருக்குவதும் சேர்ந்து கட்டியைக் குலைக்கின்றன. ‘நான் பீடி பிடிப்பதில்லை, மாவா மட்டும்தான்’ என்று பாக்கோடு புகையிலை மெல்லுகிறவர்களுக்கும் இதே பதில்தான். மாவாவை ஒதுக்கிவைக்கும் கன்னத்துப் பக்கத்தில்தான் குழியும் பெரும்பாலும் இருக்கிறது. அதோடு நிகோடின் பிரஷரையும் ஏற்றும். குறைந்தது ஒரு வாரமாவது விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்; அந்த ஒரு வாரத்தை இரண்டாக்கி, பிறகு முழுவதுமாக விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வலிக்கு மெடிக்கல்ல சொல்லி ஒரு செட்டு வாங்கிப் போட்டுக்கலாமா?

வேண்டாம். அந்தச் செட்டு மாத்திரையில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் இவற்றில் ஒன்று அநேகமாக இருக்கும். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. எனலாபிரில், டெல்மிசார்டன், நீர் மாத்திரை ஆகியவற்றின் வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. வயதானவர்களிடம் இந்தக் கூட்டு சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சில செட்டுகளில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அது சர்க்கரையையும் ஏற்றும், புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

பிரஷர் உள்ளவருக்கு முதல் தேர்வு பாராசிட்டமால்தான். ஈரல் நோயோ குடிப்பழக்கமோ இல்லாத பெரியவர் 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டுப் போடலாம். தண்ணீரில் கரைத்து நுரைக்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம்.

உப்புத் தண்ணி கொப்பளிச்சா பிரஷர் ஏறுமா? கருவாடு சாப்பிடலாமா?

கொப்பளித்துத் துப்பினால் ஏறாது, விழுங்கக் கூடாது. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம். மறுநாள் முதல் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சாப்பிட்ட பின் மெதுவாக அலசினால் போதும்.

கருவாட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே மனம் வருத்தப்படுகிறது, ஏனென்றால் இங்கே பல வீடுகளில் அது அன்றாட உணவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் தட்டில் சேர்ந்தால் அந்த அளவு ஒரு வேளையிலேயே தாண்டிவிடும். பதிலாகப் புதிய நெத்திலியை முள்ளோடு குழம்பு வைத்து, முதல் வாரம் முடிந்த பின் மென்று சாப்பிடுங்கள். கால்சியமும் புரதமும் கிடைக்கும். முதல் இரண்டு நாளைக்கு ஆறிய கேழ்வரகுக் கூழ் மிக நல்லது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கருவாடும் வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

மூணு வாரம் கழிச்சு ஈறுல வெள்ளையா முள்ளு மாதிரி குத்துது. எங்க ஆயாவுக்கும் அப்படித்தான் இருக்கு. பயப்படணுமா?

உங்களுக்குப் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. குழியின் விளிம்பிலிருந்து உதிர்ந்த எலும்புத் துணுக்கை உடல் வெளியே தள்ளுகிறது. தானே விழும், அல்லது நாங்கள் எடுத்துவிடுவோம். நாக்கால் நெருடவோ ஊசியால் நோண்டவோ வேண்டாம்.

ஆயாவின் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ஊசியோ போடுகிறார்களா? அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு மூடாமல் திறந்தே நின்றுவிடும். இது 2003 முதல் மருத்துவ உலகம் அறிந்த சிக்கல். தேய்மானத்துக்காக எடுப்பவர்களிடம் அரிது. புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களிடம் அதைவிட அதிகம். எட்டு வாரம் கடந்தும் எலும்பு வெளியே தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. பிரஷர் மாத்திரை அட்டையை மறக்காமல் கொண்டுவரும் குடும்பங்கள்கூட, வருடத்துக்கு ஒருமுறை போட்ட ஊசியைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

கட்டுற பல்லு எப்போ வெக்கலாம்?

கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு மூன்று மாதம் பொறுப்பது நல்லது; மேடு ஒடுங்குவதில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும், செட்டும் தளராது. அவசரமென்றால் தற்காலிகமாக ஒன்று செய்து பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இம்ப்ளான்டுக்குப் பொதுவாக மூன்று, நான்கு மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்வோம்.

பல்லு புடுங்கியும் கீழ்த்தாடை வலி போகல. மாடிப்படி ஏறினா வலிக்குது, உக்காந்தா போயிடுது. இன்னொரு பல்லா?

இதைப் படித்ததும் பல் மருத்துவரிடம் வராமல் இதய மருத்துவரிடம் செல்லுங்கள். உழைக்கும்போது வந்து, ஓய்வில் மறையும் கீழ்த்தாடை வலி, குறிப்பாக இடப்பக்கம் வருவது, இதயத்துக்கு ரத்தம் போதாததன் அடையாளமாக இருக்கலாம். பிரஷர் உள்ளவர்களிடம் இதை நான் ஒருபோதும் பல் வலி என்று ஒதுக்குவதில்லை. வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்து, ஓய்விலும் வலி நிற்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

பல்லு புடுங்கி ரெண்டு மாசம் ஆச்சு. வலி போச்சுன்னு பிரஷர் மாத்திரையும் விட்டுட்டேன். இப்ப திரும்பப் போட்டா எலும்பு சரியாவுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்மணி துணிக்கடையில் வேலை செய்கிறவர். பல்லுக்காகத்தான் மாத்திரை கொடுத்தார்கள் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். நாங்கள் விளக்கிச் சொல்லாததால் வந்த தவறு அது. ‘பல் பிடுங்குவதற்காகப் பிரஷரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் கேட்பவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

இன்றே மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். பழைய அட்டையை நீங்களாகத் தொடராமல், முதலில் அளந்துவிட்டு, அவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். எலும்பைப் பொறுத்தவரை காலம் கடந்துவிடவில்லை. இரண்டாம் மாதத்தில் உங்கள் குழியில் இருப்பது நான் மேலே விவரித்த இளம் எலும்பு, அது உறுதிப்பட இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஒடுங்கிய மேட்டை மாத்திரை திருப்பித் தராது. கடை வேலையை விட்டு மாத்திரைக்காக வரிசையில் நிற்க முடியாது என்றால், உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தரும்படி கேளுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் அந்த வசதி இருக்கிறது. அடுத்த மாதம் பிரஷர் நோட்டோடு என்னிடம் வாருங்கள். எக்ஸ்ரே எடுத்து, குழி எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்பதை உங்களுக்கே காட்டுகிறேன்.